பழைய ஆறு ஸ்ட்ரிங் பேஸ் தகராறு செய்கிறதா? எங்கே ஆரம்பித்துப் பார்ப்பது

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் காசிமேட்டுக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதில் இருக்கும் உப்பு எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கிடார் ஸ்ட்ரிங் எல்லாம் அதற்கு ஒன்றுதான். வடசென்னையில் பழைய ஆறு ஸ்ட்ரிங் எலக்ட்ரிக் பேஸ் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அந்தச் சிலர் கொண்டுவரும் கோளாறுகள் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அதனால் எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்தப் பேஸைச் சொல்கிறேன் என்பது தெளிவாக இருக்கட்டும். இப்போது கடையில் கிடைக்கும், அடியில் பி ஸ்ட்ரிங் இருக்கிற அகலக் கழுத்து ஆறு ஸ்ட்ரிங் பேஸ் இல்லை. கிடார் மாதிரியே ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ, ஆனால் முழுசாக ஒரு ஸ்தாயி கீழே. 1956-இல் அமெரிக்கக் கம்பெனி டேன்எலெக்ட்ரோ கொண்டுவந்தது, அப்புறம் கிப்சனின் இபி-6, 1961-இல் ஃபெண்டரின் பேஸ் சிக்ஸ், இந்த வகையறா. ஃபெண்டரில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் (உடம்பில் ஸ்ட்ரிங் ஏறி நிற்கும் தாங்கி) வரை 30 அங்குலம். வழக்கமான நாலு ஸ்ட்ரிங் பேஸில் 34, ஃபெண்டர் கிடாரில் 25.5. இந்த நடுவாந்தர நீளம்தான் இதன் அழகு, முக்கால்வாசித் தொல்லையும் அதனால்தான். கிடார் என்று நினைத்து ஒருவர் கை வைப்பார், பேஸ் என்று நினைத்து இன்னொருவர் கை வைப்பார், இரண்டு பேரிடமும் அது முரண்டு பிடிக்கும்.

என் வழக்கம் ஒன்றுதான்: ஸ்ட்ரிங்கைப் பார்த்து முடிக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டேன். பிக்அப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) போய்விட்டது, கழுத்து வளைந்துவிட்டது என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் ஸ்ட்ரிங்கிலேயே முடிந்திருக்கிறது.

வேண்டிய சாமான்: ஒயர் சொருகுகிற ட்யூனர், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், மல்டிமீட்டர், புல்லட் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வைத்திருப்பாரே அந்த ஃபில்லர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்), சின்ன ஆலன் கீ. ஃபெண்டர் சாடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சின்னத் துண்டு) ஸ்க்ரூவுக்கு அமெரிக்க அங்குல அளவு வேண்டும், 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. கிட்டத்தட்ட சேருகிறதே என்று வேறு கீயைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை உருண்டு போகும், அப்புறம் அதை எடுப்பதே தனி வேலை. மண்ணடி இரும்புக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், மீட்டரும் கான்டாக்ட் கிளீனரும் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

## தடி ஈ பிடிபடவில்லை

### ட்யூனர் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது

ஸ்ட்ரிங் ஒழுங்காக இருக்கிறது, ட்யூனர் மட்டும் ஈ என்கிறது, பி என்கிறது, ஒன்றுமே காட்டாமலும் நிற்கிறது. அடி ஈயின் அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ். போன் மைக் அவ்வளவு கீழே சரியாகக் கேட்காது, தலையில் மாட்டுகிற கிளிப் ட்யூனரும் திணறும். பேஸைப் பழுது பார்க்க வேண்டியதில்லை. 12-ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) மேல் விரலை லேசாக வைத்து ஹார்மோனிக் அடியுங்கள், 82.4-இல் வரும், எந்த ட்யூனரும் அதைப் பிடிக்கும். டோனைக் குறைத்து, கழுத்துப் பக்க பிக்அப்பை மட்டும் வைத்து, பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரல் சதையால் மெதுவாக அடித்தால் இன்னும் நிதானமாகக் காட்டும். பலமாக அடித்தால் இந்த ஸ்ட்ரிங் முதல் அரை நொடிக்குச் சுருதி ஏறித்தான் இறங்கும், அந்த ஏற்றத்தைப் பார்த்து ட்யூன் பண்ணினால் பாட்டு முழுக்கக் கீழே நிற்பீர்கள்.

மற்ற ஸ்ட்ரிங்குகளுக்குக் கணக்கு: ஏ 55, டி 73.4, ஜி 98, பி 123.5, சன்ன ஈ 164.8. கிடார் போட்டே பழகியவர்கள் சில சமயம் சன்ன ஈயை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றப் பார்க்கிறார்கள். ட்யூனர் இரண்டுக்கும் ஈ என்றுதான் காட்டும். கையில் கனம் ஏறுகிறது என்று தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள், அறுந்தால் கண்ணுக்கு ஆபத்து.

### ட்யூனர் சரி, ஸ்ட்ரிங்தான் தொளதொள

ஃபெண்டர் பெயரில் வரும் செட்டில் தடி ஈ 0.084 அங்குலம். 30 அங்குல நீளத்தில் அது தொளதொளவென்றுதான் இருக்கும். கணக்குப் போட்டால் புரியும்: ஒரே ஸ்ட்ரிங்கை ஒரே சுருதியில் 34 அங்குலத்தில் கட்டினால் இருக்கும் இழுவையில் 30 அங்குலத்தில் 78 சதவீதம்தான் கிடைக்கும்.

முதல் வழிக்குக் காசு வேண்டாம்: மெதுவாக அடியுங்கள், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடியுங்கள். அது போதவில்லை என்றால் தடித்த செட். லா பெல்லாவின் செட்டில் அடி ஈ 0.095, என் கைக்கு அதுதான் நிறைவு. ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். நட் பள்ளத்தில் அது உட்காருமா? டெயில்பீஸ் (பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்ட்ரிங் முனையைப் பிடிக்கும் தகடு) துளையில் ஸ்ட்ரிங்கின் பந்து முனை நுழையுமா? நாலு ஸ்ட்ரிங் பேஸுக்கான ஸ்ட்ரிங்கை இதில் மாட்டப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நட் பள்ளம் சின்னதாக இருந்தால் அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு 60-களின் பேஸில் பழைய நட்டை நானே அரம் போட்டு அகலப்படுத்தினேன், அரை மி.மீ. கூடுதலாகப் போய்விட்டது, ஓப்பனில், அதாவது விரல் எங்கும் அழுத்தாமல், அடித்தால் கிரகிரவென்று அழ ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு வருடம் யாரும் தொடாத நட் அது. இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது. புது நட் வெட்டித் தரச்சொல்லி கிடார் செய்பவரிடம் கொடுங்கள், பழையதைப் பொட்டலம் கட்டிப் பெட்டியிலேயே வையுங்கள்.

## ட்யூனிங் நிற்கவில்லை

### புது ஸ்ட்ரிங் போட்டதிலிருந்து

இந்தத் தப்பு மாட்டும்போதே நடக்கிறது. தடி ஸ்ட்ரிங்கில் நடுவில் ஒரு கம்பி, அதன் மேல் இன்னொரு கம்பி சுற்றியிருக்கும். முதலில் வெட்டிவிட்டு அப்புறம் கீயில் (தலையில் ட்யூன் பண்ணத் திருகுவது) சொருகினால் அந்தச் சுற்று நுனியிலிருந்து நழுவும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த ஸ்ட்ரிங் அன்றிலிருந்து செத்த மாதிரி ஒலிக்கும், சுருதியும் நிற்காது. கீயைத் தாண்டி இரண்டு மூன்று சுற்றுக்கு நீளம் விட்டு, அந்த இடத்தில் கொறடால் பிடித்து எல் வடிவத்தில் நன்றாக மடக்குங்கள். மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுங்கள். மடிப்பு சுற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த மடித்த முனையைக் கீயின் நடுத் துளையில் இறக்கி, கீழ்நோக்கிச் சுற்றுங்கள். சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது.

அப்புறம் ஸ்ட்ரிங்கை நடுவில் பிடித்து மெதுவாக இழுத்து இழுத்து ட்யூன் பண்ணுங்கள், நாலைந்து தடவை. அதற்கு மேலும் இறங்கினால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

### ஆர்ம் அழுத்தியபிறகு விலகுகிறது

ஃபெண்டரில் பிரிட்ஜ் தனி, டெயில்பீஸ் தனி. பிரிட்ஜ் இரண்டு கூர்முனைக் கால்களில் நின்று ஆர்மோடு (சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும். ஆடத்தான் வேண்டும், அதைக் கோளாறு என்று நினைத்துப் பசை போட்டு இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்மைக் கீழே அழுத்தி விட்டபின் சுருதி ஏறி நிற்கிறதா? அப்படியென்றால் ஸ்ட்ரிங் நட்டில் சிக்குகிறது. ட்யூன் பண்ணும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தாலும் அதுவேதான். பென்சில் கரியை நட் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள், பத்து ரூபாயில் முடிகிற வேலை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நம் ஊர் தூசியில் ஒரு மாதத்தில் பிசினாகிவிடும்.

சுருதி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நிற்கிறதா? பிரிட்ஜைப் பக்கவாட்டில் பாருங்கள். நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, கையால் நடுவுக்குத் தள்ளி, மறுபடி ட்யூன் பண்ணுங்கள். கால் முனையிலும் அது நிற்கும் கிண்ணத்திலும் துரு இருக்கும், கடலோரத்தில் அது கட்டாயம். ஸ்ட்ரிங்கை முழுசாகத் தளர்த்தி, பிரிட்ஜைத் தூக்கி, துணியால் துடைத்து, மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

ஆர்மே பயன்படுத்துவதில்லை என்பவர்கள் டெயில்பீஸில் பூட்டுப் பொத்தான் இருந்தால் பூட்டிவிடுங்கள், நிம்மதி.

### ஒன்றும் செய்யாமலே விலகுகிறது

காலையில் சரி, மாலையில் தப்பு என்றால் அது வானிலை. ஏசி அறையிலிருந்து எடுத்து அப்படியே மேடைக்குப் போனாலும் இதே கதைதான். போன இடத்தில் அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ட்யூன் பண்ணுங்கள். ஒரே ஒரு ஸ்ட்ரிங் மட்டும் இறங்கினால் அந்தக் கீயின் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள். கீயின் பல்லே தேய்ந்து, திருப்பினாலும் கால் சுற்று சும்மா போகிறது என்றால் கீ மாற்ற வேண்டும், பழைய துளைக்குப் பொருந்துகிறதை மட்டும் தேடுங்கள். மரத்தில் புதுத் துளை போடவே வேண்டாம்.

## ஓப்பனில் சரி, மேலே போனால் சுருதி கெடுகிறது

இதற்காகத்தான் நிறையப் பேர் மனம் உடைந்து வருகிறார்கள்.

முதலில் உங்கள் இடது கை. ஃப்ரெட்டும் ஸ்ட்ரிங்கும் தொட்டால் போதும். மரம் வரைக்கும் அழுத்தினால் இந்தத் தொளதொள ஸ்ட்ரிங் கால் சுரம் ஏறிவிடும். நாலு ஸ்ட்ரிங் பேஸ் வாசித்துப் பழகியவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்.

அடுத்தது ஸ்ட்ரிங்கின் வயது. உப்பும் வியர்வையும் ஏறி ஒரு பக்கம் கனத்த ஸ்ட்ரிங் எந்த சாடில் நிலையிலும் சரியாகப் பேசாது. விரல் நகத்தால் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், ஃப்ரெட் பட்ட இடங்களில் பள்ளம் தட்டுப்பட்டால் அளவு பார்ப்பதே வீண். ஃப்ளாட்வவுண்ட் (மேல் சுற்று தட்டையாக உள்ள ஸ்ட்ரிங்) போட்டால் நம் ஊர்க் காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடியோடு சேர்த்துத் துடைத்தால் இன்னும் நாள் வரும்.

### முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் ஏறுகிறது

நட் உயரம். இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஸ்ட்ரிங் எவ்வளவு இடைவெளியில் நிற்கிறது என்று பாருங்கள். மெல்லிய தாள் ஒன்று நுழைகிற அளவு போதும். விசிட்டிங் கார்டே தாராளமாகப் போய்வந்தால் நட் உயரம். இது கிடார் செய்பவர் வேலை.

### 12-ஆம் ஃப்ரெட்டில் விலகுகிறது

12-இல் ஹார்மோனிக் அடித்துப் பாருங்கள், அதே இடத்தில் அழுத்தி அடித்துப் பாருங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால், அதாவது கழுத்தை விட்டு விலக்கி நகர்த்த வேண்டும். இறங்கியிருந்தால் முன்னால். ஒவ்வொரு தடவை திருகியபின்னும் மறுபடி ட்யூன் பண்ணிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அவசரப்பட்டால் வட்டமடித்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஃபெண்டரில் தடி ஈ சாடில் பின்னால் போகிற வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நிற்கும், இன்னமும் சுருதி ஏறியே இருக்கும். பழைய பேஸ் சிக்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இங்கே வந்து நிற்பார்கள். முதலில் பிரிட்ஜ் முன்பக்கம் சாயாமல் இருக்கிறதா பாருங்கள், அதிலேயே ஒரு மி.மீ. கிடைக்கும். அடுத்தது அந்த சாடில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு (பத்திரமாக வையுங்கள்) சின்ன ஸ்பிரிங் ஒன்றைப் போடுவது, இரண்டு மூன்று மி.மீ. வரும். ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேலே ஸ்ட்ரிங் நிற்கும் இடைவெளி) உயரமாக இருந்தால் அதைக் குறைத்தாலும் உதவும், அழுத்தும்போது ஸ்ட்ரிங் நீள்கிற தூரம் குறையும். மேலே 0.095 போடச் சொன்னேன் இல்லையா, அதற்கு இங்கே ஒரு விலை உண்டு: தடித்த ஸ்ட்ரிங் சாடிலை இன்னும் பின்னால் கேட்கும். தொளதொளப்பு போக வேண்டுமா, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் தடி ஈயில் சுருதி சுத்தமாக நிற்க வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் தொளதொளப்பைத்தான் முதலில் ஒழிப்பேன், அந்த ஸ்ட்ரிங்கில் அவ்வளவு மேலே நான் போவதில்லை.

டேன்எலெக்ட்ரோவில் ஆறு சாடில் கிடையாது, ஒரே ரோஸ்வுட் கட்டைதான். ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு அந்தக் கட்டையைச் சாய்வாகத் திருப்பலாம். இரண்டு ஓரத்து ஈயையும் சரிசெய்யுங்கள், நடுவில் நாலும் ஏறக்குறைய வரும். அந்த ஏறக்குறையதான் அதன் குரல். ஆறு இரும்பு சாடில் வைத்த புதுப் பிரிட்ஜுக்கு மாற்றச் சொல்லி யாராவது சொன்னால், மாற்றலாம், ஆனால் ரோஸ்வுட்டின் அந்த மரச் சத்தம் போய்விடும்.

## கிரகிரவென்று சத்தம்

### ஆம்ப்பில் கேட்கவில்லை, கையில் மட்டும் கேட்கிறது

விட்டுவிடுங்கள். இவ்வளவு தளர்ந்த ஸ்ட்ரிங்கில் கொஞ்சம் இருக்கும்.

### முதல் சில ஃப்ரெட்டுகளில்

கழுத்து நேராகிப் போயிருக்கலாம், அல்லது பின்னால் வளைந்திருக்கலாம். தடி ஈயை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழு எட்டாம் ஃப்ரெட்டில் ஃபில்லர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.25 முதல் 0.3 மி.மீ. இருந்தால் நன்று. இடைவெளியே இல்லை என்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) தளர்த்த வேண்டும், அரை மி.மீ.க்கு மேல் என்றால் இறுக்க வேண்டும். பழைய ஃபெண்டரில் அதைத் திருகும் நட் கழுத்து உடம்போடு சேரும் முனையில் ஒளிந்திருக்கும், ஸ்ட்ரிங்கைத் தளர்த்திக் கழுத்து ஸ்க்ரூக்களையும் தளர்த்தித்தான் எட்ட முடியும். ஒரு தடவைக்குக் கால் சுற்று. மாட்டி, ட்யூன் பண்ணி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். கால் சுற்றுக்கே முறுக்கு கடினமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ராட் முறிந்தால் கழுத்தையே பிரிக்க வேண்டியிருக்கும். பழைய டேன்எலெக்ட்ரோவில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை, கழுத்துக்குள் இரும்புப் பட்டைதான். அதில் வளைவு வந்தால் நேராகக் கிடார் செய்பவரிடம் போங்கள்.

### பிரிட்ஜ் பக்கத்திலிருந்து வருகிறது

ஃபெண்டரில் பெரும்பாலும் இதுதான். ஸ்ட்ரிங் பிரிட்ஜிலிருந்து டெயில்பீஸுக்குக் கிட்டத்தட்டத் தட்டையாகப் போகிறது, சாடிலை அழுத்துகிற பாரம் போதவில்லை. சாடில் நடுங்கும், அதன் உயரம் ஏற்றும் ஸ்க்ரூக்கள் நடுங்கும், பலமாக அடித்தால் ஸ்ட்ரிங் பள்ளத்திலிருந்து குதித்துப் பக்கத்துப் பள்ளத்தில் உட்காரும். வாசிக்கும்போதே ஒவ்வொரு சாடிலையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அந்தச் சின்ன ஸ்க்ரூக்களில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள், காய்ந்ததும் நடுக்கம் அடங்கும், தேவைப்பட்டால் ஆலன் கீயால் திருகி உடைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் கழுத்தைக் கழற்றி, அது உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்கத்து ஓரமாக அரை மி.மீ. மரத் தகடு வைத்து மாட்ட வேண்டும். கழுத்து லேசாகப் பின்னால் சாயும், அப்போது பிரிட்ஜை உயர்த்தலாம், ஸ்ட்ரிங் கூடுதல் கோணத்தில் இறங்கும். கை சுத்தமாக வேலை செய்கிறவர்கள் தாங்களே செய்யலாம். முதல் தடவை என்றால் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பது நல்லது.

### ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும்

ஃப்ரெட் எழும்பியிருக்கிறது அல்லது பக்கத்து ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது. ஆளிடம் கொடுங்கள்.

## சத்தம் மெலிந்துவிட்டது, அல்லது வரவே இல்லை

பெரம்பூரில் ஒரு அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வாலிபத்தில் டான்ஸ் பேண்டில் வாசித்தவர். பேஸை ஒரு போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து, "தம்பி, பிக்அப் செத்துப்போச்சுப்பா, பேஸே வரல, தகரம் மாதிரி அடிக்குது" என்றார். குரல் தழுதழுத்தது. நான் வாங்கி, கீழ்ப் பக்கத் தகட்டில் நாலாவது சுவிட்சைத் தள்ளினேன், ஈயை அடித்தேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

1963 வாக்கில் ஃபெண்டர் சேர்த்த சுவிட்ச் அது, அடித் தொனியை வெட்டிவிடும். பெட்டியில் வைக்கும்போது துணி பட்டாலே நகர்ந்துவிடும். மற்ற மூன்றும் மூன்று பிக்அப்புகளுக்கு. மூன்றும் அணைந்திருந்தால் சத்தமே வராது. அதனால் முதலில் சுவிட்சுகள். அடுத்து ஒயரை மாற்றிப் பாருங்கள், வேறு ஆம்ப்பில் சொருகிப் பாருங்கள்.

சுவிட்சை ஆட்டினால் கரகரவென்று வந்து போகிறது என்றால் உள்ளே பச்சை பிடித்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனரை ஒரு முறை அடித்து, இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஜாக்கின் நட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள், ஆனால் உள்ளே ஒயர் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு.

இதற்கு மேல் மீட்டர். வால்யூமை முழுசாக வைத்து, ஒரு பிக்அப்பை மட்டும் போட்டு, பேஸில் சொருகிய ஒயரின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் அந்தச் சுருள் உயிரோடு இருக்கிறது. மற்ற பிக்அப்புகளில் சில ஆயிரம் காட்டி ஒன்றில் மட்டும் லட்சக்கணக்கில் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ அதில் எங்கோ அறுந்திருக்கிறது. டேன்எலெக்ட்ரோவில் இரண்டு பிக்அப்பும் தொடர் இணைப்பில் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் சத்தம் கூடும். ஒன்று தனியாகப் பேசுகிறது, சேர்த்தால் செத்துப்போகிறது என்றால் மற்றதன் சுருள் அறுந்திருக்கும். சால்டர் விட்ட இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெளியே அறுந்திருந்தால் அதிர்ஷ்டம். உள்ளே என்றால் சுருள் சுற்றுகிறவரிடம்தான். புது பிக்அப் வாங்கிப் போட்டுவிட்டுப் பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

### அடி ஈ அடித்தால் ஸ்பீக்கர் கதறுகிறது

கிடார் ஆம்ப்பில் வாசிக்கலாம், இனிமையாகவே இருக்கும், ஆனால் சத்தம் அளவாக. அதன் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தள்ளுவதற்குச் செய்ததல்ல. மேடைக்கு பேஸ் ஆம்ப்.

## ஹம், அப்புறம் ஷாக்

### ஸ்ட்ரிங்கைத் தொட்டால் ஹம் குறைகிறது

பழைய சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்அப்) இது இயல்பு. ட்யூப்லைட்டையும் ஃபேன் ரெகுலேட்டரையும் அணைத்துப் பாருங்கள், நின்ற இடத்திலேயே கால்வட்டம் திரும்பிப் பாருங்கள்.

### ஸ்ட்ரிங்கைத் தொட்டாலும் ஹம் குறையவில்லை

டெயில்பீஸுக்குப் போகிற கிரவுண்ட் ஒயர் விட்டிருக்கும். மீட்டரில் ஜாக்கின் உடலுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா பாருங்கள்.

### சுருக்கென்று அடிக்கிறது

வாசிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். ஒரு சர்ச் திருவிழாவில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், மைக்கில் உதடு பட்டதும் எங்கள் பேஸ் வாசிக்கிற பையன் பின்னால் போய் விழுந்தான். பேஸில் ஒரு கோளாறும் இல்லை. ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தார்கள், எர்த்தே கிடையாது. பிழைத்தான், அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் மீட்டர் இல்லாமல் ஏறுவதில்லை. ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை மைக் தலையிலும் தொடுங்கள். பத்து வோல்ட்டுக்கு மேல் எது காட்டினாலும் ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்யும் வரை யாரும் வாசிக்கக் கூடாது. எர்த் பின்னை வெட்டினால் ஹம் போகும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பேஸோடு சேர்த்துப் பழைய அமெரிக்க வால்வ் ஆம்ப்பும் கிடைத்திருந்தால் அது 117 வோல்ட்டுக்கு உள்ளது, நம் 230-இல் நேராகச் சொருகக் கூடாது. உள்ளேயும் கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் கண்டென்சர்களில் உயிரை எடுக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும். முதல் நாளிலிருந்தே ஆம்ப் மெக்கானிக்கிடம்.

## எல்லாம் சரி, ஆனாலும் வாசித்தால் குழம்புகிறது

கிடாரில் பிடிக்கிற முழு ஈ மேஜரை இதில் பிடித்தால் சேறு மாதிரி ஒலிக்கும். தடி இரண்டு ஸ்ட்ரிங்கிலும் ஒற்றைச் சுரம் மட்டும், கார்டு வேண்டுமென்றால் மேல் நாலில், அதிலும் இரண்டு அல்லது மூன்று சுரம் போதும்.

விரல் இரண்டு ஸ்ட்ரிங்கில் சேர்ந்து படுகிறது என்பவர்கள் பிக்குக்கு மாறுங்கள், ஸ்ட்ரிங் இடைவெளி கிடாருக்கு உள்ள மாதிரிதான். வலது கையின் ஓரத்தை பிரிட்ஜ் மேல் லேசாக வைத்து அமுக்கி அடித்தால் டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். அமெரிக்காவில் நாஷ்வில் ஸ்டூடியோக்களில் அந்தக் காலத்தில் டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய மர பேஸ்) வாசிப்பதையே இந்தப் பேஸில் அப்படி அமுக்கி, கூடவே வாசித்துப் பதிவு செய்தார்கள், டிக்-டாக் பேஸ் என்று அதற்குப் பெயர். டபுள் பேஸின் அடியும் கிடாரின் நுனியும் சேர்ந்து கேட்கும். சின்ன ரேடியோவில்கூட பேஸ் வரி தெளிவாக வரும். சர்ச் பாட்டு ஒன்றில் கீபோர்டின் இடது கையோடு சேர்த்து இதை வாசித்துப் பாருங்கள், கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பேஸ் எங்கே போகிறது என்று கேட்கும்.

## ஆளிடம் கொடுக்கும்போது

ஃப்ரெட் சமன் செய்வது, நட் வெட்டுவது, திருகாத ட்ரஸ் ராட், சுருள் சுற்றுவது, கழுத்திலோ தலையிலோ விரிசல், இவை ஐந்தும் வீட்டு வேலை அல்ல. கொடுக்கும் முன் நீங்கள் என்ன செட் போட்டிருக்கிறீர்கள், எந்த ஸ்ட்ரிங்கில் எந்த ஃப்ரெட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், உள் ஒயரிங்கும் சேர்த்து. கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவும் திரும்பி வர வேண்டும் என்றும், பாலிஷ் போட வேண்டாம், பெயின்ட்டைத் தொட வேண்டாம் என்றும் வாயால் சொல்லுங்கள், தாளிலும் எழுதுங்கள். அவர் அதே செட் ஸ்ட்ரிங்கை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும், அதனால் புது செட் ஒன்றையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.